மாயக் காசும் மெய்க் காசும்

சந்தைக்குச் செல்லும் குடும்பப் பெண் ஒருத்தியைச் சற்றே கவனித்துப் பாருங்கள். முருங்கைக்காய்க் கட்டொன்றின் விலையைக் கேட்கிறாள்; குறைத்துக் கேட்கிறாள்; அடுத்த கடையை ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள்; ஈற்றில் கைப்பையைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் தாள்களை விரலாற் பிரித்து, எண்ணிக் கொடுக்கிறாள். கொடுக்கும் வேளையில் அவள் முகம் ஒரு கணம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்குப் பொருள் உண்டு. உழைத்துத் தேடிய பொருள் கையை விட்டு நீங்குகிறது என்பதை மனம் உணர்கிறது. குடும்பத்தின் வரவு செலவைக் காக்கும் காவல் நாய் இந்த உணர்ச்சியே எனலாம். நாய் உறங்கிவிட்டால் வீட்டிற் புகுவது எவருக்கும் எளிது.

இன்று நம் பிள்ளைகளின் கைகளிலே தவழும் கைத்தொலைபேசி விளையாட்டுக்கள் பலவற்றின் வியாபார சாமர்த்தியம் முழுவதும் இந்த நாயை உறங்கவைப்பதிலேதான் அடங்கியிருக்கிறது. விளையாட்டு இலவசம். அதை இறக்கிக்கொள்வதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. ஆயினும் உலகிலே பெரும்பொருள் ஈட்டும் தொழில்களுள் ஒன்றாக அது வளர்ந்திருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் வியாபாரி எவ்வாறு செல்வனாகிறான்? இக்கேள்விக்கு விடை தேடவேண்டிய அவசியம் எனக்கு என் வீட்டிலேயே ஏற்பட்டது.

எங்கள் வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, என் மனைவியின் கைத்தொலைபேசிக்கு வங்கியிலிருந்து வந்திருந்த குறுஞ்செய்திகளைத் தற்செயலாகப் பார்த்தேன். மகளின் படிப்புக்கென ஒரு செயலியை விலைக்கு வாங்கியபோது, வங்கி அட்டையின் இலக்கத்தை அதிலே பதிந்துவிட்டு, பின்னர் அதனை மறந்திருந்தோம். பத்து நாட்களுள் 13 செய்திகள். ஒன்பது முறை 290 ரூபா; நான்கு முறை 1,490 ரூபா; ஆக மொத்தம் 8,570 ரூபா. என் தாயாருக்கு மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் அது பெரும்பகுதி.

பன்னிரண்டு வயது மகனை அழைத்து, "எவ்வளவு செலவழித்தாய்?" என்று கேட்டேன்.

"ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வரும், அப்பா" என்றான்.

களவுக்கு மேலே பொய்யுமா என்று எனக்குச் சினம் மூண்டது. கை ஓங்கியேவிட்டது. ஓங்கிய கையோடு, "அந்தக் காசுக்கு என்ன வாங்கினாய்?" என்றேன். பையன் நடுங்கியபடியே, ஆனால் ஒரு கணமும் தயங்காமல், "2,520 வைரம் அப்பா, அதிலே 45 மிச்சம் இருக்கு" என்றான்.

திண்ணையில் இருந்த என் தாயார் அப்பொழுதுதான் வாய் திறந்தார். "அடிச்சுப் போடாதை, தம்பி. அது காசு எண்டு தெரிஞ்சிருந்தா அவன் தொட்டிருக்க மாட்டான்."

கை தாழ்ந்தது. பின்னர் ஆறுதலாகச் சிந்தித்தபோது, நான் வாசித்த எந்த நூலினும் தெளிவாக என் தாயார் அந்த ஒரு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று கண்டேன். என் மகன் பொய் சொல்லவில்லை. வைரத்தை அவன் ஒன்று பிசகாமல் எண்ணி வைத்திருந்தான். ரூபாவை அவன் எண்ணவேயில்லை. எண்ணுவதற்கு அது அவன் கண்ணிற் படவும் இல்லை. கணிதம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனின் வீட்டிலே இது நடந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ரூபா வைரமாகும் வித்தை

பணம் கொடுக்கும்போது மனத்தில் எழும் நோவைப் பற்றி டிரேசன் பிரெலெக், ஜோர்ஜ் லோவென்ஸ்டைன் என்னும் இரு அறிஞர்கள் 1998 ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினர். கொடுக்கும் செயலும் நுகரும் செயலும் ஒன்றையொன்று விட்டு விலகுந்தோறும் இந்நோவு குறைகிறது என்பது அவர்கள் கருத்தின் சாரம். கைக்காசைக் காட்டிலும் வங்கி அட்டை நோவு குறைந்தது. அட்டையைக் காட்டிலும் முன்னரே பதிந்துவைத்த இலக்கம் இன்னும் நோவு குறைந்தது. விளையாட்டு வியாபாரிகள் இதற்கும் ஒருபடி மேலே சென்று, காசின் பெயரையே மாற்றிவிட்டனர். வைரம், மாணிக்கம், பளிங்கு, பொற்கட்டி என்று பெயர் பல, தொழில் ஒன்றே. ஒருமுறை ரூபாவைக் கொடுத்து வைரத்தை வாங்கியபின், அதன்பின் நடப்பதெல்லாம் வைரக் கணக்கு. ரூபாவின் நோவு முதல் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

பெயர் மாற்றத்தோடு வித்தை முடிந்துவிடவில்லை. மாற்று விகிதமும் மனக்கணக்குக்கு எட்டாதவாறு அமைக்கப்பட்டிருக்கிறது. பின்லாந்து நாட்டுச் சுப்பர்செல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட 'கிளாஷ் ஒப் கிளான்ஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாக வழங்கிவந்த அமெரிக்க விலைப்பட்டியலின்படி, மிகச் சிறிய பொதியில் 80 மணிகள். விலை 99 சதம். மிகப் பெரிய பொதியில் 14,000 மணிகள். விலை 99 டொலர் 99 சதம். முதலாவதில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 81 மணிகள். இரண்டாவதில் 140 மணிகள். அவ்வாறாயின் 350 மணிகள் பெறுமதியுள்ள ஒரு பொருளின் மெய்யான விலை என்ன? எந்தப் பொதியில் வாங்கினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மாறுகின்ற விடையை விளையாட்டின் நடுவே இருந்து கணக்கிடும் பிள்ளை எங்கே உண்டு?

இன்னொரு நுட்பம் மீதிக் கணக்கிலே மறைந்திருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கைக் காண்போம். வீரனுக்கு அணிவிக்கும் சட்டையின் விலை 120 வைரம். கடையிலுள்ள சிறிய பொதியோ 100 வைரம். ஆகவே இரண்டு பொதிகள் வாங்கவேண்டும். சட்டை போக மீதி 80. அந்த எண்பதைப் பயன்படுத்தாது விட்டால் நட்டம்போலத் தோன்றுகிறது. அடுத்துக் கண்ணிற் படும் தலைக்கவசத்தின் விலை 150. எழுபதுதானே குறைகிறது என்று மேலும் ஒரு பொதி வாங்கினால், கவசம் போக மீதி 30. இவ்வாறு மீதி ஒருபொழுதும் பூச்சியமாவதில்லை. பூச்சியமானால் கணக்கு முடிந்துவிடும்; மீதி இருக்குமட்டும் கணக்குத் திறந்தே கிடக்கும். என் மகனிடம் மிஞ்சியிருந்த 45 வைரமும் அடுத்த கொள்முதலுக்கு வைக்கப்பட்ட முளையே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

தொண்ணூற்றொன்பதும் நூறும்

விலையை 100 என்று போடாமல் 99 என்று போடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சப்பாத்துக் கடையிலும் புடைவைக் கடையிலும் 999 ரூபா, 1,999 ரூபா என்ற விலைச் சீட்டுக்களைக் கண்டே வளர்ந்தோம். 2005 ஆம் ஆண்டில் மனோஜ் தோமஸ், விக்கி மோர்விட்ஸ் என்போர் வெளியிட்ட ஆய்வு இதற்கொரு விளக்கம் தந்தது. நாம் எண்களை இடப்புறமிருந்து வாசிக்கிறோம். முதற் கண்ட இலக்கமே மனத்தில் ஆழமாகப் பதிகிறது. ஆதலால் 2.99 என்பது 3.00 இலும் ஒரு சதமே குறைந்ததாயினும், இரண்டு சொச்சம் என்றே மனம் அதனை ஏற்கிறது.

விளையாட்டுக் கடையிலே இதனோடு வேறொரு நுட்பமும் கூட்டுச் சேர்கிறது. 1974 ஆம் ஆண்டில் அமொஸ் ற்வேர்ஸ்கி, டானியல் கானமன் என்னும் மனோதத்துவ அறிஞர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். எண்கள் எழுதிய சக்கரமொன்றைச் சிலர் முன்னிலையிற் சுழற்றினர். பத்திலோ அறுபத்தைந்திலோ மட்டும் நிற்கும்படி சக்கரம் முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. அதன்பின், ஐக்கிய நாடுகள் சபையிலே ஆபிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பிடுமாறு கேட்டனர். பத்தைக் கண்டவர்களின் நடுத்தர மதிப்பீடு 25. அறுபத்தைந்தைக் கண்டவர்களின் நடுத்தர மதிப்பீடு 45. சக்கரத்துக்கும் சபைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எனினும் முதலிற் கண்ட எண் மனத்துக்கு நங்கூரமாகிவிட்டது.

இனி விளையாட்டுக் கடையைத் திறந்து பாருங்கள். நூறு டொலர்ப் பொதியைப் பெரும்பாலோர் வாங்குவதில்லை. ஆயினும் அது பட்டியலில் இருக்கவேண்டும். அதைக் கண்ட கண்ணுக்கு ஐந்து டொலர்ப் பொதி அற்பமாகத் தோன்றும். டொலரை 300 ரூபா என்று கொண்டால் அந்த அற்பம் 1,500 ரூபா. அதற்கு அரிசி எவ்வளவு வாங்கலாம் என்பதை இல்லத்தரசிகள் என்னிலும் நன்கு அறிவர்.

காத்திரு, அல்லது காசு கொடு

சில விளையாட்டுக்கள் பொருளை விற்பதில்லை, பொறுமையை விற்கின்றன. 'கண்டி கிரஷ்' என்னும் பிரசித்தி பெற்ற விளையாட்டிலே ஐந்து உயிர்கள் தரப்படும். தோற்குந்தோறும் ஓர் உயிர் போகும். போன உயிர் மீள்வதற்கு 30 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். முற்சொன்ன கோட்டை கட்டும் விளையாட்டிலோ உயர்ந்த கட்டடங்கள் முடிவதற்கு நாட்கணக்காகும். மணிகளைக் கொடுத்தால் கணத்தில் முடியும். தாமதத்தை உண்டாக்குபவர்களும் அதனை நீக்குவதற்கு விலை கூறுபவர்களும் ஒருவரே என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். மதகை அடைத்து வைத்தவனே தண்ணீரும் விற்பதை ஒக்கும் இது.

இழப்பைப் பற்றிய அச்சமும் நல்ல விலைக்குப் போகிறது. ஒரு பொருளைப் பெறுவதனால் உண்டாகும் மகிழ்ச்சியிலும், அதே அளவு பொருளை இழப்பதனால் உண்டாகும் துயரம் பெரிது என்று கானமனும் ற்வேர்ஸ்கியும் 1979 இல் எழுதினர். கானமனுக்கு 2002 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த உண்மையை விளையாட்டு அமைப்போரும் நன்கு கற்றிருக்கின்றனர். தோல்வி நேர்ந்தவுடன், "இதுவரை நீர் சேர்த்தவை இவை, இப்பொழுது விட்டால் அனைத்தும் போய்விடும்" என்று திரையிலே வரிசையாகக் காட்டுகின்றனர். பக்கத்திலே நேரம் குறைந்துகொண்டு வரும் ஒரு கடிகாரம். ஆலோசிப்பதற்கு இடமில்லை என்பதை அக்கடிகாரம் சொல்லாமற் சொல்கிறது.

பிள்ளைகள்தாம் இதில் விழுவர் என்று எண்ணற்க. மகனின் விவகாரத்தை ஆராயப் புகுந்த நான், விளங்கிக்கொள்ளும் பொருட்டு அதுபோன்ற ஒரு நிறப் புதிர் விளையாட்டை என் தொலைபேசியில் இறக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு, இன்னும் ஒரு நகர்த்தலிருந்தால் வென்றிருப்பேன் என்ற நிலையில் ஆட்டம் நின்றது. ஐந்து நகர்த்தல்கள் வேண்டுமாயின் சிறு தொகையொன்று என்றது திரை. கொடுத்தேன். பின்னர் மீண்டும் கொடுத்தேன். அன்றிரவு மட்டும் மூன்று முறை கொடுத்தேன். மகனுக்குக் கை ஓங்கியவன் எனக்கு நானே எதை ஓங்குவது?

மூடிய பெட்டிக்குள் என்ன?

மேலே கூறியவற்றில் வாங்கும் பொருள் இன்னதென்றாவது தெரியும். மூடிய பெட்டி வியாபாரத்தில் அதுவும் இல்லை. காசு கொடுத்தபின்னரே பெட்டி திறக்கும். உள்ளே அரிய வாளும் இருக்கலாம், பயனற்ற துணியும் இருக்கலாம். ஜப்பானிய நாட்டிலே காசைப் போட்டுத் திருகினால் பொம்மை உருண்டு விழும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் பெயரைத் தழுவி இம்முறைக்குக் 'கச்சா' என்ற பெயர் வழங்குகிறது.

இதன் கவர்ச்சிக்குக் காரணத்தை அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னரும் அவருடைய துணைவர் பேர்ஸ்ரரும் 1957 இல் வெளியிட்ட நூலிலே காணலாம். கூட்டில் அடைத்த புறா ஒரு பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை முறை கொத்தினால் தீனி என்பது நிச்சயமாயின், தீனி தின்றபின் புறா சற்று ஓய்ந்திருக்கும். எத்தனையாவது கொத்தலில் விழும் என்பது தெரியாதாயின், அது ஓய்வின்றிக் கொத்திக்கொண்டேயிருக்கும். நிச்சயமின்மையே அதனைக் கட்டிவைக்கும் கயிறு.

திங்கட்கிழமை எங்கள் கல்லூரியிலே பத்தாம் தர மாணவர்களிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். "அரிய வாள் கிடைக்கும் நிகழ்தகவு நூற்றில் ஒன்று. நூறு பெட்டிகளைத் திறப்பவனுக்கு வாள் கிடைக்குமா?" வகுப்பிற் பெரும்பாலோர், கிடைத்தேயாகும் என்றனர். கரும்பலகையிலே கணக்கைச் செய்தோம். ஒரு பெட்டியில் வாள் இல்லாதிருக்கும் நிகழ்தகவு 0.99. நூறு பெட்டியிலும் இல்லாதிருக்கும் நிகழ்தகவு 0.99 இன் நூறாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 0.37. நூறு பேர் நூறு பெட்டிகள் வீதம் திறந்தால், அவர்களுள் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையுடன் நிற்பர். வகுப்பு சிறிது நேரம் மௌனமாயிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன், "சேர், அப்ப நான் அந்த முப்பத்தேழில ஒராள்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எவ்வளவு செலவழித்தான் என்று நான் கேட்கவில்லை.

உண்மையான ஓர் உதாரணமும் காட்டலாம். 2020 இல் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' என்னும் சீன விளையாட்டிலே, மிக உயர்ந்த தரத்துப் பாத்திரம் ஒரு தெரிவிற் கிடைக்கும் அடிப்படை நிகழ்தகவு ஆயிரத்தில் ஆறு. 90 தெரிவுகளுக்குள் உயர்தரப் பாத்திரம் ஒன்று நிச்சயம் என்று ஏற்பாடு உண்டு. ஆனால் அது விரும்பிய பாத்திரமாகவே இருக்கும் என்பதற்கு முதன்முறை உறுதியில்லை. ஆதலால் துரதிர்ஷ்டசாலி ஒருவன் 180 தெரிவுகள் வரை செல்லவேண்டி நேரும். ஒரு தெரிவுக்கு 160 மணிகள் வீதம் 180 தெரிவுகளுக்கு 28,800 மணிகள். விளையாடிச் சேர்ப்பவற்றையும் முதன்முறைச் சலுகையையும் நீக்கி, அனைத்தையும் காசு கொடுத்தே வாங்குவதாயின், நூறு டொலர்ப் பொதிகள் நான்கு வேண்டும். டொலரை 300 ரூபா என்று கொண்டால் ஏறத்தாழ 1,20,000 ரூபா. இத்தொகை திரையில் எவ்விடத்தும் தோன்றாது. டொலர் பளிங்காகி, பளிங்கு மணியாகி, மணி சீட்டாகி, சீட்டுத் தெரிவாகும். நான்கு வேடம் பூண்ட காசை அதன் தாயும் அடையாளம் காணாள்.

திருக்குறளிலே சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், சூதிலே வென்ற பொருளையும் மீன் விழுங்கிய தூண்டிலுக்கே ஒப்பிட்டார். முதல் நாளிலேயே நல்ல பரிசைக் கொடுத்து மகிழ்விக்கும் இப்பெட்டிகளை நோக்கும்போது அவ்வுவமையின் கூர்மை புலனாகிறது. லொத்தர்ச் சீட்டு வாங்கி வரும்படி பிள்ளையை அனுப்பும் பெற்றோர் நம்மில் அரியர். அதே பிள்ளை கட்டிலிற் படுத்தபடி பெட்டி திறப்பதை நாம் விளையாட்டென்று எண்ணியிருக்கிறோம்.

அரசாங்கங்கள் விழித்த கதை

சேகரித்த பரிசுகள் ஒரு தொகுதியாக நிரம்பினாலே பெரும்பரிசு என்னும் கச்சா முறை சட்டத்துக்கு மாறானது என்று ஜப்பானிய நுகர்வோர் முகவரகம் 2012 மே மாதத்தில் அறிவித்தது. சீன அரசாங்கம் பெட்டிகளின் நிகழ்தகவுகளை வெளியிடவேண்டும் என்ற விதியை 2017 மே மாதம் முதல் நடைமுறைப்படுத்தியது. 2019 இல் வெளியிட்ட விதிகளின் மூலம் சிறுவர் செலவழிக்கும் தொகைக்கு வயதுக்கேற்ற எல்லையும் வகுத்தது. பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணைக்குழு 2018 ஏப்பிரலில், சில விளையாட்டுக்களின் விலைக்கு விற்கும் பெட்டிகள் சூதாட்டமே என முடிவு கூறியது.

ஐக்கிய அமெரிக்காவிலே மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்கிலே இறங்கியது. ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்தபின் 15 நிமிடம் வரை பிள்ளைகள் மேலும் மேலும் வாங்கக்கூடியதாக இருந்ததைப் பெற்றோருக்கு அறிவிக்கவில்லை என்ற முறைப்பாட்டின் மேல், அப்பிள் நிறுவனம் 2014 ஜனவரியில் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டது. 'போர்ட்நைட்' விளையாட்டின் பொத்தான்கள் குழப்பமாக அமைந்து, வேண்டாத கொள்முதல்களுக்கு வழிசெய்தன என்ற குற்றச்சாட்டின் பேரில், எபிக் கேம்ஸ் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென 24 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்த 2022 டிசம்பரில் இணங்கியது. முற்சொன்ன கென்ஷின் விளையாட்டின் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டொலருக்கு இணங்கி, 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றிப் பெட்டி விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு உகந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2025 மார்ச்சில் வெளியிட்ட கோட்பாடுகளே. விளையாட்டுக்குள் விற்கும் பொருளின் விலையை மெய்யான நாணயத்திலும் தெளிவாகக் காட்டவேண்டும். வேண்டாத மீதி எஞ்சும் வகையில் நாணயத்தை வாங்கும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்பன அவற்றுள் அடங்கும். என் தாயார் திண்ணையிலிருந்து சொன்னதும் இதுவே அன்றோ?

நாம் செய்யத்தக்கவை

மறுபக்கத்தையும் கூறுதல் நியாயம். ஓவியரும் இசைவாணரும் கணினி வல்லோரும் சேர்ந்து உருவாக்கும் ஒரு படைப்புக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பது தவறன்று. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி மனநிறைவோடு ஆடும் விளையாட்டுக்களும் இருக்கின்றன. இலவச விளையாட்டை ஆடுவோருட் பெரும்பாலோர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அளவிறந்து செலவழிக்கும் சிறுதொகையினரே வருவாயிற் பெரும்பகுதியைச் சுமக்கின்றனர். அத்தொழிலில் உள்ளோர் அவர்களைத் 'திமிங்கிலம்' என்று அழைப்பர். வாடிக்கையாளனை வேட்டைப் பொருளின் பெயரால் அழைக்கும் தொழிலிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்கும்போது சில ஒழுங்குகளைச் செய்துகொள்ளுதல் தகும்.

முதலாவது, ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி தொலைபேசியின் அமைப்பை மாற்றுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளை அறியாதவாறு வைத்துக்கொள்ளுங்கள். பதிந்துவைத்த அட்டை இலக்கத்தை நீக்கிவிடுங்கள். தொலைபேசி மீதியிலிருந்தே கடைக்குப் பணம் செல்லும் வசதி இருப்பின் அதையும் நிறுத்துங்கள். தவறுதலாக வாங்கியது தெரிந்தால் தாமதியாதீர்கள். கூகுளின் கடையிலே 48 மணித்தியாலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டு.

இரண்டாவது, வைரத்தை ரூபாவாக மாற்றும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஊட்டுங்கள். எங்கள் வீட்டிலே இப்பொழுது ஒரு சிறு கொப்பி இருக்கிறது. அதில் மூன்று நிரல்கள்: பொருள், வைரம், ரூபா. மூன்றாவது நிரலை நிரப்பாமல் எதையும் வாங்கலாகாது. நிரப்பியபின்னும் ஓர் இரவு கழியவேண்டும். முதல் மாதத்தில் என் மகன் ஒன்பது பொருள்களை எழுதினான். காலையில் எழுந்து அவற்றுள் எட்டைத் தானே வெட்டிவிட்டான். எஞ்சிய ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். அக்கொப்பியில் என் பெயரிலும் ஒரு பக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, பிள்ளையைக் கள்வன் என்று அழைப்பதற்கு முன், அவனிடம் கேட்டறியுங்கள். எந்தத் திரையில், எந்த வேளையில், என்ன சொல்லி வாங்கச் செய்தார்கள் என்று அவன் வாயாற் சொல்லக் கேளுங்கள். சொல்லும்போதே அவனுக்குச் சூழ்ச்சி விளங்கும். அடித்துக் கேட்டால் அடுத்த முறை மறைக்கவே கற்றுக்கொள்வான்.

மூக்குக்கண்ணாடி ஒரு மாதம் பிந்தியே வந்தது. அந்த ஒரு மாதமும் பத்திரிகையை என் தாயாருக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை மகனே ஏற்றுக்கொண்டான். கண்ணாடி வாங்கும் நாளில் அப்பாச்சியோடு அவனையும் அழைத்துச் சென்று, பணத்தை அவன் கையிற் கொடுத்தேன். கடைக்காரர் முன்னிலையில் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினான். எண்ணியவற்றை மீண்டும் ஒருமுறை எண்ணினான். கொடுக்கும் வேளையில் அவன் முகம் ஒரு கணம் சுருங்கியதைக் கண்டேன்.